கையொப்பப் பட்டியலும் இசையரங்கும்

நூல் அச்சேறுமுன்னரே அதனை வாங்குவோரிடம் பெயரெழுதி வாங்கிக்கொள்ளும் முறையைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை நம்மவர் ‘கையொப்பம்’ என வழங்கினர். உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பும் இத்தகைய கையொப்பங்களின் துணைகொண்டே நிறைவெய்தியது. பதிப்பு வரலாற்றை ஆராய்வோர் இம்முறையை நன்கறிவர். நூலுக்கன்றி, ஒரு மாலைப்பொழுதில் நிகழ்ந்து மறையும் இசையரங்குக்கும் இவ்வாறே கையொப்பம் பெறும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. நூல் வாங்கியவன் கையில் ஒரு பொருள் எஞ்சும். அரங்குக்குக் கையொப்பமிட்டவனுக்கோ அவ்வாறு எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆதலின் அங்குப் பெயர் கேட்பது இன்னும் அரிய செயலாயிற்று. அதனை வியன்னா நகரில் தன் பிழைப்புக்கு வழியாகக் கொண்ட இசைப்புலவர் மோட்சார்ட் என்பார் கண்ட ஏற்றமும் வீழ்ச்சியும் ஈண்டு ஆராயப்படும்.

இசையரங்கிற்கு மக்களை அழைக்க இருவழிகள் இருந்தன. ஒன்று, செய்தித்தாளில் அறிவித்தல். லண்டன் மாநகரில் ஜான் பானிஸ்டர் என்னும் வயலின் கலைஞர் 1672இன் இறுதியில் தம் இல்லத்தில் இசை கேட்க விரும்புவோர் கட்டணம் செலுத்தி வரலாம் என லண்டன் கெஜட் இதழில் அறிவித்தார். இவ்வழி, முகமறியாத எவரையும் அழைப்பது. மற்றொன்று, இன்னார் இனியார் எனத் தெரிந்து அவரவர் வீட்டுக்கே அறிவிப்பும் கையொப்பப் பட்டியலும் போக்குதல். முன்னதிற் செலவு குறைவு. பின்னதில் உழைப்பு மிகுதி. எனினும் பின்னதற்கே வியன்னாவில் பயன் மிகுந்திருந்தது என்பதற்கு மோட்சார்ட்டின் வாழ்க்கையே சான்றாகின்றது.

சால்ஸ்பர்க் பேராயரின் அவையில் ஆண்டுக்கு 450 குல்டன் ஊதியம் பெற்றுவந்த மோட்சார்ட், 1781இல் அப்பணியினின்று நீங்கி வியன்னாவில் தனித்து வாழத் தலைப்பட்டார். நிலையான ஊதியம் இல்லை. மாணாக்கரும், அரங்குகளும், அச்சிடப்படும் இசைப்படைப்புகளுமே வருவாய். 1783ஆம் ஆண்டு ஜனவரியில் மூன்று பியானோ கான்செர்டோக்களைக் கைப்படியாகத் தருவதாக வியன்னா செய்தித்தாளில் அறிவித்துக் கையொப்பம் வேண்டினார். விலை 4 டுக்காட். அது மிகை என அவருடைய தந்தை லெயோபோல்ட் கருதினார். கையொப்பம் மெல்லவே வந்தது. அடுத்த மாதமே அவர் கடனுக்கு ஓர் உயர்குடிப் பெண்மணியை நாடவேண்டியதாயிற்று.

இனி, 1784ஆம் ஆண்டின் தவக்காலத்தை நோக்குக. கிறித்தவரின் தவக்காலத்தில் நாடக அரங்குகள் மூடப்பெறும். பெருங்குடியினர் நகரில் இருப்பர். மாலைப்பொழுதுக்கு இசையே துணை. ஆகவே இசைவாணர்க்கு அதுவே அறுவடைக்காலம். ரிக்டர் என்னும் பியானோ கலைஞர் சனிக்கிழமைதோறும் ஆறு அரங்குகள் நடத்தக் கையொப்பம் பெற்றார். மோட்சார்ட் வாசிக்காவிடில் தமக்கு அவற்றில் அத்துணை நாட்டமில்லை எனப் பிரபுக்கள் கூறவே, ரிக்டர் அவரை வேண்டிக்கொண்டார். மோட்சார்ட் மும்முறை வாசிக்க இசைந்தார்; இசைந்த கையோடு தமக்கெனவும் மூன்று அரங்குகளுக்குக் கையொப்பம் பெறத் தொடங்கினார். ரிக்டருக்குப் பெயரிட்டவரெல்லாம் இவருக்கும் பெயரிட்டனர். இதனை மார்ச்சு 3ஆம் நாள் தந்தைக்கு எழுதிய மடலில் அவரே கூறுகின்றார். பிறன் திரட்டிய கூட்டத்தைத் தனதாக்கிக்கொள்ளும் வணிகத்திறன் இதிற் புலப்படுகின்றது. அவரை உலகியல் அறியாத குழந்தை எனச் சித்திரிப்போர் இம்மடலை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

அரங்குகள் மார்ச்சு 17, 24, 31 ஆகிய புதன்கிழமைகளில், டிராட்னர் என்னும் அச்சக உரிமையாளரின் பெருமனையில் இருந்த கூடத்தில் நிகழ்ந்தன. மோட்சார்ட் அப்பொழுது குடியிருந்ததும் அம்மனையிலேயே. டிராட்னரின் மனைவி அவருடைய மாணாக்கியர். மூன்று அரங்குகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 6 குல்டன். மார்ச்சு 3இல் நூறு பெயர் சேர்ந்திருந்தன. மார்ச்சு 20இல் தந்தைக்கு முழுப்பட்டியலையே படியெடுத்து அனுப்பியபோது அவை 170க்கு மேற்பட்டன. ரிக்டரும் ஃபிஷர் என்னும் மற்றொரு கலைஞரும் பெற்ற பெயர்களைக் கூட்டினாலும் தம் பட்டியல் முப்பது மிகுதி என அவர் பெருமிதங்கொள்கின்றார். தொகை 1000 குல்டனுக்கு மேலாகும். கூடத்து வாடகை, இசைக்குழுவினர் ஊதியம் ஆகியவற்றைக் கழித்தே வருவாயைக் கணித்தல் வேண்டும். ஆயினும் சால்ஸ்பர்க்கின் ஓராண்டு ஊதியத்தோடு ஒப்பிட, மூன்று மாலைகளின் விளைவு சிறிதன்று.

அப்பட்டியலே நமக்கு அரிய வரலாற்றுச் சான்று. அதில் இளவரசர், கோமகன், கோமகள், பேரன் என வரும் பெயர்களே மிகுதி. நகரத்துப் பொதுமக்கள் மிகச் சிலர். கோமகள் தூன், பேரன் வான் ஸ்வீட்டன் போன்ற கலைபுரப்போரும் உளர். இத்தகைய பட்டியல் இல்லந்தோறும் செல்லுங்கால் அது வெறும் கணக்கேடாக நில்லாது. முன்னர்க் கையொப்பமிட்டவரின் பெயரே பின்னர்க் காண்பவரை ஈர்க்கும். கோமகள் ஒருத்தியின் பெயர் இருக்குமிடத்தில் தன் பெயர் இல்லாமை அடுத்த வீட்டார்க்கு நாணமாகும். செய்தித்தாள் விளம்பரம் இசைவாணன் தன்னைத்தானே புகழ்வது. பட்டியலோ பிறர் அவனுக்கு அளிக்கும் நற்சான்று. ஒரே மனிதர், ஒரே நகரம், ஓராண்டு இடைவெளி: 1783இல் இதழறிவிப்பு தளர்ந்ததற்கும் 1784இல் பட்டியல் விரைந்து நிரம்பியதற்கும் உள்ள வேறுபாட்டின் காரணம் பெரிதும் இதுவே என்பது என் துணிபு. விலையின் ஏற்றத்தாழ்வும் ஓரளவு காரணமாதல் கூடும்.

அடுத்த ஆண்டும் இம்முறை வென்றது. 1785 பிப்ரவரி 11ஆம் நாள் மெல்குரூபெ என்னும் கூடத்தில் ஆறு வெள்ளிக்கிழமை அரங்குகள் தொடங்கின. அன்றே சால்ஸ்பர்க்கினின்று வந்துசேர்ந்த லெயோபோல்ட், 150க்கு மேற்பட்டோர் தலைக்கு ஒரு பொற்காசு கட்டியதையும், கூடத்து வாடகை ஒரு முறைக்கு அரைப் பொற்காசே என்பதையும் மகளுக்கு எழுதினார். அன்று புதிதாக அரங்கேறிய கான்செர்டோவை அவர்கள் வந்த வேளையிலும் படியெடுப்போன் எழுதிக்கொண்டிருந்தான் என்பதும் அம்மடலிற் காணப்படுகிறது. பெயர் முன்னரே எழுதப்பட்டது, பணமும் உறுதியாயிற்று, படைப்புமட்டும் கடைசி நாழிகையில் நிறைவுற்றது! அவ்வாண்டின் இறுதியிலும் மூன்று அரங்குகள் 120 கையொப்பங்களோடு நிகழ்ந்தன.

அதன்பின் நிலை மாறிற்று. 1788 ஏப்ரலில் மூன்று குவிண்டெட்டுகளுக்கு இதழில் மீண்டும் கையொப்பம் வேண்டினார். விலை முன்போல் 4 டுக்காட். ஜூன் மாதத்தில், கையொப்பமிட்டோர் தொகை குறைவாதலின் கால எல்லை 1789 ஜனவரிவரை நீட்டிக்கப்படுவதாக அறிவிக்கவேண்டியதாயிற்று. இஃது இதழ்வழியின் தளர்ச்சி. ஆனால் 1789இல் வீட்டுவழியும் கைவிட்டது. ஜூலை 12ஆம் நாள் தம் நண்பரும் கடன் உதவியவருமான புக்பெர்க் என்னும் வணிகருக்கு எழுதிய மடலில், இரு வாரங்களாகப் பட்டியல் சுற்றிவந்தும் அதில் ஸ்வீட்டன் என்னும் ஒரே பெயரே நிற்கின்றது எனப் புலம்புகின்றார்.

170க்கு மேற்பட்ட பெயர்கள் ஐந்தே ஆண்டுகளில் ஒன்றானமைக்கு, வியன்னா மக்களின் சுவை மாறிவிட்டது, மோட்சார்ட்டை அவர்கள் கைவிட்டனர் என வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் கூறிவந்தனர். அஃது ஏற்புடைத்தன்று. முதலாவது, காலம். 1784ஆம் ஆண்டுப் பட்டியல் தவக்காலத்துக்குரியது; 1789ஆம் ஆண்டுப் பட்டியல் கோடையிற் சுற்றியது. கோடையில் பிரபுக்கள் தத்தம் நாட்டுப்புற மாளிகைகளுக்குச் சென்றுவிடுவர். பூட்டிய வீட்டுவாயிலில் பட்டியல் என் செய்யும்? இரண்டாவது, போர். 1788 பிப்ரவரியில் ஆஸ்திரியா துருக்கியரோடு போர் தொடங்கிற்று; உயர்குடி ஆடவர் பலர் படையிற் சேர்ந்தனர்; விலைவாசி ஏறிற்று; ஆடம்பரச் செலவு சுருங்கிற்று. மூன்றாவது, சான்றின் இயல்பு. இச்செய்தி கடன் வேண்டி எழுதிய மடலில் உள்ளது. மனைவி நோயுற்றிருந்த காலம் அது. தன் துயரை மிகுத்துரைக்க அவருக்குக் காரணம் உண்டு. பெருமை பேச எழுதிய 1784ஆம் ஆண்டு மடலையும், இரக்கம் வேண்டி எழுதிய 1789ஆம் ஆண்டு மடலையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. இருப்பினும் முன்னதில் பெயர்ப்பட்டியலே உடன் அனுப்பப்பட்டது. தந்தையும் நகரை நன்கறிந்தவர். ஆதலின் அதன் நம்பகத்தன்மை மிகுதி.

வீட்டுக்கு வீடு செல்லும் அழைப்பின் வலிமை எதுவோ அதுவே அதன் வலுவின்மையும் ஆயிற்று. அறிந்த சில நூறு குடும்பங்களுக்குள் அது விரைந்து பரவும். அவ்வட்டத்துக்கு அப்பாற் செல்லாது. வட்டம் கலைந்தால் புதியவரைக் கொணரும் ஆற்றல் அதற்கில்லை. இதழறிவிப்போ புதியவரை எட்டக்கூடியது. ஆனால் 4 டுக்காட் கொடுக்கவல்ல புதியவர் அந்நாள் வியன்னாவில் மிகச் சிலரே.

ஸ்வீட்டனின் பெயர்மட்டும் எஞ்சியதற்கும் விளக்கம் உண்டு. அவர் பிரபுக்கள் சிலரைக் கூட்டாகச் சேர்த்து, அவர்தம் பொருளுதவியால் ஹாண்டலின் பெரும்படைப்புகளை அரங்கேற்றிவந்தார். 1789 மார்ச்சு மாதத்தில் கோமகன் யோஹான் எஸ்டர்ஹாசியின் மாளிகையில் ‘மெசையா’ இசைக்கப்பட்டது. அதனை அக்காலத்து இசைக்குழுவுக்கு ஏற்பத் திருத்தியமைத்தவர் மோட்சார்ட்டே. ஆகவே அவ்வாண்டின் தவக்காலத்திலும் பெருங்குடியினர் இசைக்குப் பொருள் கொடுத்தே வந்தனர். அப்பொருளைத் திரட்டிய பட்டியல் மோட்சார்ட்டினுடையதன்று, ஸ்வீட்டனுடையது. ஐந்தாண்டுகட்கு முன்னர் ரிக்டரின் கையொப்பக்காரர் மோட்சார்ட்டின் பட்டியலுக்கும் வந்தது போலவே இதுவும் நிகழ்ந்தது.