பலகடைச் சரக்கிருப்புக் கணிதம்

ஒரே நிர்வாகத்தின் பல கடைகளுக்கும் அவற்றுக்குச் சரக்கு அனுப்பும் குடோனுக்கும் எவ்வளவு இருப்பு, எங்கே, எப்போது வேண்டும் எனக் கணக்கிடும் துறை. கூடினால் அரிசியில் வண்டு விழும், பணம் முடங்கும். குறைந்தால் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

தோற்றம்: இத்துறைக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ். பள்ளிப் படிப்போடு நின்றவர். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது சிக்கனம் என்பதற்கு 1913-இல் 'ஃபேக்டரி' இதழில் இவர் தந்த வாய்பாடு எளியது: ஆண்டுத் தேவையை ஒரு கொள்முதலுக்கு ஆகும் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 1,200 மூட்டை விற்கும் கடைக்கு ஒரு கொள்முதல் நடைக்கு ஆகும் செலவு 300 ரூபாய், வைப்புச் செலவு மூட்டைக்கு 50 ரூபாய் என்றால் விடை 120 மூட்டை. ஆண்டுக்கு 10 நடை. 1934-இல் ஆர்.எச்.வில்சன் இதைப் பரப்பியதால் பாடநூல்கள் 'வில்சன் வாய்பாடு' என்றே எழுதின. ஹாரிஸின் மூலக் கட்டுரை 1988-இல்தான் திரும்பக் கிடைத்தது. பாடநூல்கள் பல இன்னும் திருந்தவில்லை.

பல கடைகள்: 1960-இல் ஆய்வாளர்கள் கிளார்க், ஸ்கார்ஃப் இருவரும் குடோன் இருப்போடு லாரியில் வருவதையும் கடையில் கிடப்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்றனர். எப்பன் 1979-இல் இருப்பை ஓரிடத்தில் சேர்ப்பதன் லாபத்தைக் காட்டினார். கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி, ஜெயமங்கலம், பெரியகுளம் நான்கிலும் கடை வைத்திருக்கும் மளிகைக்காரர், எதிர்பாராத விற்பனைக்காகக் கடைக்குப் 10 மூட்டை வீதம் 40 மூட்டை தனித்தனியே ஒதுக்குகிறார் என்போம். நான்கு ஊர் விற்பனையும் ஒன்றையொன்று சாராதிருந்தால், ஒரே குடோனில் 20 வைத்தால் போதும். ஓரூரில் விற்பனை ஏறும்போது இன்னோர் ஊரில் இறங்கலாம். பொங்கலுக்கு இது பலிக்காது. நாலு ஊரும் ஒரே நாளில் வெல்லம் கேட்கும்.

தமிழகத்தில்: பல இடங்களில் சரக்கைப் பகிர்வதற்கு மிகப் பெரிய உதாரணம் ரேஷன் கடைகளே. 1972-இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகளிலிருந்து சரக்கு வருகிறது. கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. அட்டைகளின் எண்ணிக்கையால் தேவை முன்பே தெரியும். அதில் கடையில் மிஞ்சியதைக் கழித்து அனுப்புவதே சரியான முறை. 2017 முதல் ஸ்மார்ட் அட்டை புழக்கத்தில் உள்ளது. இருப்பு விவரம் கடையின் விற்பனைக் கருவியிலேயே பதிவாகிறது.