சவ்வி: வளைகுடாவில் ஒரு வினையின் கதை

வினைச்சொல்லோடு இன்னொரு சொல்லை ஒட்டிப் புதுப்பொருள் எடுப்பது பல மொழிகளில் உள்ள வழக்கம். ஆங்கிலத்தில் 'புட்' என்றால் வைப்பது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'புட் அவுட்' என்றால் அணைப்பது. தமிழில் பெயரோடு 'பண்ணு' சேர்ந்தால் போதும்: கல்யாணம் பண்ணு, போன் பண்ணு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன தெற்காசியர்களும் அவர்களோடு பேசவேண்டியிருந்த அரபுகளும் இந்தப் பொறுப்பை 'செய்' என்று பொருள்படும் 'சவ்வி' என்ற ஒரே அரபுச் சொல்லிடம் கொடுத்தார்கள்.

இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1947 வரை வளைகுடாவில் பிரிட்டிஷ் அதிகாரம் இந்திய அரசின் வழியாகவே நடந்தது. இந்திய ரூபாய் அங்கே செல்லுபடியானது. 1959-ல் இந்தியா வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சிட்டது. வளைகுடா அரபியில் நேராகப் போகச் சொல்லும் 'சீதா' இந்தியிலிருந்து போன சொல்தான். பஹ்ரைனில் 1932-லும் குவைத்தில் 1938-லும் எண்ணெய் கிடைத்தது. அபுதாபி 1962-ல் ஏற்றுமதி தொடங்கியது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் மலையாளி, தமிழர், வங்காளி, நேபாளி, பிலிப்பினோ என்று லட்சக்கணக்கானோர் வந்தார்கள்.

வந்தவர்களுக்கு அரபி வினையின் திரிபுகள்தான் பெரிய மலை. வளைகுடா அரபியில் 'நான் செய்தேன்' என்பது சவ்வேத், 'அவள் செய்தாள்' சவ்வத், 'நாங்கள் செய்தோம்' சவ்வேனா. ஆளுக்கும் எண்ணுக்கும் பாலுக்கும் ஏற்ப ஒவ்வொரு வினையும் இப்படி மாறும். வேலைத்தளத்தில் யார் உட்கார்ந்து கற்றுத்தருவார்கள்? அதனால் 'அனா சவ்வி', 'இந்த்த சவ்வி', 'ஹுவ சவ்வி' என்று நான், நீ, அவன் எல்லோருக்கும் ஒரே வடிவம் நின்றது. அதோடு 'டெலிபோன்' சேர்த்தால் போன் பண்ணுவது. 'போகமாட்டேன்' என்பதற்கு 'அனா மாஃபி ரூஹ்' போதும். 'இல்லை' என்னும் 'மாஃபி' எல்லா எதிர்மறைக்கும் ஆனது.

இப்படி உருவான கலப்புப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குவது தவறு. ஆய்வாளர் ஜே. ஆர். ஸ்மார்ட் 1990-ல் இதை ஆராய்ந்து எழுதியபோது 'முதல் அறிக்கை' என்றே துணைத்தலைப்பிட்டார். அதன் வினையமைப்பை 2010-ல் முர்தளா பாகிர் தனியாக ஆராய்ந்தார். எதை எங்கே வைக்கவேண்டும் என்ற ஒழுங்கு அந்தப் பேச்சுக்கு உண்டு. இந்தியின் 'கர்னா', தமிழின் 'பண்ணு' ஆகியவற்றைப் பேசி வளர்ந்த நாக்குக்கு 'சவ்வி' அந்நியமாகவே இருந்திருக்காது. அரபு முதலாளிகளும் தங்கள் வேலையாட்களிடம் இதே பேச்சில்தான் பேசினார்கள். ஒரு பக்கத்தார் மட்டும் உண்டாக்கியதல்ல அது.

ஊர் திரும்பியவர்களோடு சில சொற்கள் தமிழ் வீடுகளுக்கும் வந்தன. முதலாளி 'அர்பாப்' ஆனார். 'கல்லி' என்றால் விடு, 'வல்லி' என்றால் போய்த்தொலை. இரண்டும் சேர்ந்த 'கல்லி வல்லி'க்கு 'விட்டுத்தள்ளு' என்று பொருள். தமிழும் அங்கே இரண்டு வினைகளை ஒட்டித்தான் அதைச் சொல்கிறது.