மருந்து உறைகளில் கியூஆர் குறியீடு (இந்தியா)

இந்தியாவில் விற்பனையாகும் 300 முன்னணி மருந்து வணிகப் பெயர்களின் உறைமீது பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு அச்சிடுவதைக் கட்டாயமாக்கிய ஏற்பாடு. போலி மருந்தைத் தடுப்பதே நோக்கம். ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022 நவம்பரில், 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளைத் திருத்தி எச்2 அட்டவணையைச் சேர்த்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மக்கள் கடையில் பெயர் சொல்லிக் கேட்கும் டோலோ, கால்பால், சாரிடான் போன்றவை பட்டியலில் உள்ளன.

கைபேசியால் ஸ்கேன் செய்தால் தெரிய வேண்டியவை: தயாரிப்பின் அடையாளக் குறியீடு, மருந்தின் பொதுப்பெயர், வணிகப் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், உரிம எண். மாத்திரை அட்டையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சிடலாம். விதியின் பிடி தளர்வது இங்கேதான்: நம் கடைகளில் பெட்டியைப் பிரித்து அட்டையாக, அதையும் நறுக்கி நான்கு மாத்திரையாகத் தருவதே வழக்கம்; அதனால் வெளிப்பெட்டியில் உள்ள குறியீடு வாங்குபவர் கைக்கு வருவதில்லை.

பெரிய குறை வேறு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வரிசை எண்ணை விதி கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டுக்குத் தரப்படும் பெரும்பாலான மருந்துப் பெட்டிகளுக்குத் தனி எண் உண்டு. கடைக்காரர் மருந்தைக் கொடுக்கும்போதே அந்த எண் சரிபார்க்கப்பட்டு, பதிவில் செயலிழக்கச் செய்யப்படும். எண் மறுபடி வந்தால் எச்சரிக்கை எழும். இந்தியக் குறியீட்டைப் போலிக்காரர் அப்படியே நகலெடுத்தாலும் ஸ்கேன் சரியாகவே காட்டக்கூடும்.