ஐந்து வாக்கியக் கடிதம்

பழைய கோப்பின் எண்ணைக் குறிப்பில் எழுதுமுன் அந்தக் கோப்பைப் பிரித்துப் படி என்பது எங்கள் அலுவலகப் பாடம். மருத்துவ உலகம் அதை மறந்த கதை இது.

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் போர்ட்டர், ஜிக் இருவரும் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் அபின் வகை வலிமருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களுள் நால்வரே அடிமையானார்கள் என்றது அது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017இல் கனடா ஆய்வாளர்கள் எண்ணியபோது 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. ஐந்தில் நான்கு, அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. வட அமெரிக்காவில் வலிமருந்துப் போதை பரவ இதுவும் துணைபோனது என்றார்கள்.

இதழ், ஆண்டு, பக்கம் சரியாக இருந்தால் போதாது, படித்திருக்கவும் வேண்டும்.