ஆர்.சி. கார் பந்தயம்: ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு

ரேடியோ அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு கார்களை ஓட்டிப் போட்டியிடும் விளையாட்டு, ஆர்.சி. கார் பந்தயம். பொம்மைக் கடையில் விற்கும் ரிமோட் கார் வேறு, இது வேறு. இதில் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாற்றலாம். ஷாக் அப்சார்பருக்குள் ஊற்றும் எண்ணெயின் பாகுத்தன்மை மாறினாலே வளைவில் கார் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடும். ஓட்டும் நேரத்தைவிட மேசையில் ஸ்குரூ டிரைவரோடு உட்காரும் நேரமே அதிகம். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இது பொருந்துவதற்கு முதல் காரணம் அதுதான்.

ஜப்பானின் டமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரை 1/12 அளவில் ஆர்.சி. காராக வெளியிட்டது. 1984-இல் அதன் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் பக்கிகள் வந்தன. அவற்றை வாங்க முடியாமல் ஏங்கிய பள்ளிச் சிறுவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். டமியா அந்தப் பழைய கார்களை 2000-க்குப் பிறகு மறுபடி வெளியிட்டது. உலக அளவில் பந்தயங்களை நெறிப்படுத்தும் இஃப்மார் அமைப்பு 1979-இல் உருவானது. ஐரோப்பிய அமைப்பான எஃப்ரா, 40 வயதைக் கடந்தவர்களுக்கென்றே தனிச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது.

தொடங்குபவரைத் திணறவைப்பது ஸ்டியரிங். கார் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலம் வலமாகவே இருக்கும். திரும்பி நம்மை நோக்கி வந்தால் இடவலம் தலைகீழாகிவிடும். மெதுவான வேகத்தில் எட்டு வடிவில் சுற்றிச் சுற்றி ஓட்டினால்தான் கை பழகும். மின்சாரக் கார்களின் ஒரு சுற்றுப் போட்டி பெரும்பாலும் ஐந்து நிமிடம். ஓட்டி முடித்தவர் அடுத்த குழுவுக்கு மார்ஷலாக வளைவில் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்தி விட வேண்டும். குனிந்து ஓடும் இந்த வேலை முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான். அதை இன்னொருவரிடம் கேட்டு ஒப்படைப்பதில் தவறில்லை.

தமிழ்நாட்டில் ரேடியோ கட்டுப்பாட்டு ஆர்வத்துக்கு நன்கு அறியப்பட்ட முகம் நடிகர் அஜித்குமார். அவர் நாட்டம் ஆர்.சி. விமானங்களில். 2018-இல் அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி. வளாகத்தின் ஆளில்லா விமானக் குழுவான தக்ஷாவுக்கு ஆலோசகரானார். ஐம்பதைக் கடந்த பின் நிஜக் கார் பந்தயத்துக்குத் திரும்பினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதி போன்ற இடத்தில் இந்தப் பொழுதுபோக்குக்குச் சில வரம்புகள் உண்டு. ஆசிரமத்தின் முன்னால் செல்லும் செங்கம் சாலையே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி. பௌர்ணமி அன்று அங்கே நடப்பதற்கே இடமிருக்காது. தியானத்துக்கு வருபவர்களுக்கும் ஆசிரமத்து மயில்களுக்கும் நைட்ரோ எரிபொருளில் ஓடும் கார் எஞ்சினின் அலறல் ஆகாது. மின்மோட்டார் கார்களே உகந்தவை. மொட்டை மாடியோ மதில் சூழ்ந்த காலி மனையோ போதும். வேகம் வேண்டாதவர்களுக்குப் பாறைகளில் மெல்ல ஏறும் கிராலர் கார்கள் உண்டு. அனிச்சை வேகம் குறைந்த கைகளுக்கு இவையே சிறந்த தேர்வு. ஆனால் மக்கள் சிவமாகவே வணங்கும் மலையில் அவற்றை ஏற்றக் கூடாது. வீட்டு முற்றத்தில் கருங்கற்களைக் குவித்தே தடம் அமைத்துக்கொள்ளலாம்.

கோடையில் இந்தக் கார்களின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்தால் உப்பிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். பல நாள் ஓட்டாமல் வைப்பதானால் செல் ஒன்றுக்குச் சுமார் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, தீப்பிடிக்காத பையிலிட்டு நிழலான இடத்தில் வைக்க வேண்டும்.