காலராவுக்கு ஒரு காகிதப் புலி

ஜப்பான் போறவங்க கியோட்டோவில் வரிசையா நிக்கிற சிவப்பு வளைவுகளுக்குக் கீழே போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. மருத்துவத் துறையில இருக்கிறவங்க ஒசாகாவில் இன்னொரு சின்ன ஷிண்டோ கோயிலையும் பார்க்கணும். பேரு சுகுனாஹிகோனா. தெரு, தோஷோமாச்சி.

இது மருந்துக் கடைத் தெரு. 1722-ல் இங்கிருந்த 124 மருந்து வியாபாரிகளின் சங்கத்துக்கு ஷோகுன் அரசு அங்கீகாரம் கொடுத்தது. தகேதா கம்பெனி 1781-ல் தொடங்கியதும் இங்கேதான். சரக்கை இனம் காண்பதில் தப்பு நடந்தா உயிர் போகும் தொழில் இல்லையா, துணைக்கு சாமி வேணும்னு 1780-ல் மருந்துக் கடவுள் சுகுனாஹிகோனாவைக் கியோட்டோவிலிருந்து எழுந்தருளச் செஞ்சாங்க. சீனத்து மூலிகைத் தெய்வம் ஷென்னோங்கும் கூடவே இருக்கார்.

1822-ல் வந்தது காலரா. 1817-ல் நம்ம வங்காளத்தில் கிளம்பின கொள்ளைநோய் கப்பலேறி அஞ்சு வருஷத்தில் ஜப்பானுக்குள் நுழைஞ்சது. அதுக்கு முன்ன அவங்க பார்த்தே இராத நோய். 'கொரோரி'ன்னு பேர் வச்சாங்க. பொத்துனு சாயறதைக் குறிக்கிற சொல். எழுதும்போது புலி, ஓநாய், பேதி என்ற மூன்று எழுத்துக்களைப் போட்டாங்க.

நோய் பேரில் புலின்னா மருந்திலும் புலி! புலி மண்டை எலும்பு, ஆர்சனிக் உள்ள ஒரு கனிமம், இன்னும் சில சரக்குகள் சேர்த்து மாத்திரை உருட்டி, கோயிலில் வேண்டிக்கிட்டு, காகிதக்கூழ்ப் புலி பொம்மையோடு ஜனங்களுக்கு இலவசமா கொடுத்தாங்க.

டாக்டரா சொல்றேன், அந்த மாத்திரை காலராவை நிறுத்தியிருக்க வழியே இல்லை. அதில் ஆளைக் கொல்றது நீரிழப்பு. உப்புநீரை நரம்பில் ஏத்தலாம்னு ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா செஞ்சு காட்டியது 1832-ல். வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசலே போதும்னு 1971-ல் பங்கான் அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் காட்டினார். சுமார் 30 சதவீதமா இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது. உப்பு போட்ட கஞ்சி அந்த வியாபாரிகள் வீட்டு அடுப்படியிலேயே இருந்திருக்கும்!

இருந்தாலும் கிண்டல் பண்ண மனசு வரலை. நோய் எதனால் வருதுன்னு உலகத்தில் யாருக்குமே தெரியாத காலம் அது. கடையைப் பூட்டிட்டு ஓடாம, விலை ஏத்தாம, கையில இருந்ததைச் சும்மா கொடுத்திருக்காங்க. 2021-ல் நம்ம ஊரில் ரெம்டெசிவிர் பிளாக்கில் போன விலை ஞாபகம் இருக்கா?

மாத்திரை அப்புறம் நின்னுபோச்சு. புலி நிக்கலை. வருஷாவருஷம் நவம்பர் 22, 23 திருவிழாவில் மூங்கில் கிளையில் தொங்கும் மஞ்சள் புலி கிடைக்கும். வயித்தில் சிவப்பில் 'மருந்து'ன்னு முத்திரை. வீட்டில் மாட்டினா நோய் அண்டாதுன்னு நம்பிக்கை. கிதஹாமா ஸ்டேஷனில் இறங்கி நடந்துடலாம். ஆபீஸ் கட்டிடங்களுக்கு நடுவே வாசல் ரொம்ப ஒடுக்கம், கவனிக்கலைன்னா தாண்டிப் போயிடுவீங்க. ஒட்டியே மருந்துத் தெருவோட மியூசியமும் இருக்கு.