உழைச்செல்வான்: பினாங்கில் டிரசர் பயிற்சி வளர்ந்த வரலாறு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றையும் கூறிய பின், நான்காவதாக உழைச்செல்வான் என்பவனை வைக்கிறார். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று மருந்தைப் பக்குவமாகக் கொடுப்பவன் அவன். இவனுக்கு நான்கு இலக்கணம் வேண்டும் என்பது பரிமேலழகர் உரையால் விளங்கும். நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆற்றல், அறிவு என்பன அவை.

மலாயாத் தமிழர் இந்த நான்காமவனை ‘டிரசர்’ என்ற பெயரால் அறிந்தனர். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். ஆயினும் அவர் செய்த வேலை கட்டுப் போடுவதோடு நிற்கவில்லை. பலர் தம் வாழ்நாளில் கண்ட ஒரே ‘டாக்டர்’ அவர்தாம். அவரைப் பழக்கியவர் யார், அவர் தேர்ந்தவர் என்று சான்று அளித்தவர் யார் என்னும் கேள்விகளுக்கு விடை தேடினால், பினாங்கின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி வெளிப்படும்.

சென்னையும் பினாங்கும்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கும்பினியின் கொடியை ஏற்றினார். அன்று முதல் கும்பினியின் மருத்துவர்கள் தீவில் இருந்தனர். அவர்கள் மிகச் சிலரே. சிப்பாய்கள், கைதிகள், துறைமுகத்தில் வந்திறங்கும் ஏழைகள் என நோயாளிகளோ பலர். ஆகவே மருந்து கலக்கவும் புண் கழுவவும் கீழ்நிலை ஊழியர் தேவைப்பட்டனர். சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அத்தகையோர் வரவழைக்கப்பட்டனர். உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிலாளராகச் சேர்த்துப் பழக்கும் முயற்சியும் 1820-களிலேயே பினாங்கில் தொடங்கியது.

பயிலாளர் முறையின் இயல்பு யாவரும் அறிந்ததே. பையன் மருத்துவமனையில் சேர்வான். பெரியவர் செய்வதைப் பார்ப்பான். பின்னர்த் தானே செய்வான். ஆசிரியர் நல்லவராக அமைந்தால் மாணவனும் தேர்ந்து வருவான். அமையாவிட்டால் அவருடைய பிழைகளும் சேர்ந்தே கைமாறும். ஒருவன் கற்றது எவ்வளவு என்பதைப் பிறர் அளந்து பார்க்க அம்முறையில் வழியில்லை.

சென்னையில் 1835-இல் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளி இக்குறையைத் தீர்க்க எழுந்ததே. அப்போதிக்கரிகளையும் டிரசர்களையும் முறையாகப் பயிற்றுவது அதன் தொடக்க நோக்கம். 1850-இல் அது மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஓர் ஆட்சியின்கீழ் இருந்தன. இம்மூன்று ஊர்களின் மருத்துவத் துறையும் நெடுங்காலம் சென்னையையே நம்பியிருந்தது.

கரும்புத் தோட்டங்களின் பாடம்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஆறாப் புண்ணும் அவர்களை வாட்டின. 1873-இல் அங்கிருந்த ஆல்மா தோட்டத்துத் தொழிலாளர் பட்ட கொடுமை விசாரணைக்கு வந்து, இந்திய அரசாங்கத்தின் கவனத்தையும் ஈர்த்தது. 1876-இல் இந்தியக் குடியேறிகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று நீரிணைக் குடியேற்றங்களில் இயற்றப்பட்டது.

தோட்டத்தில் மருத்துவ வசதி வேண்டும் என்று சட்டம் கூறலாம். கட்டிடம் எழுப்புவதும் கடினமன்று. அக்கட்டிடத்தில் இரவும் பகலும் இருக்க, தேர்ந்த ஆள் வேண்டுமே! அத்தகையோர் போதிய அளவில் இல்லை என்பதே பல்லாண்டுகளாகத் தீராத குறையாயிற்று.

1889-இல் அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் மாக்ஸ் சைமன், உள்ளூரிலேயே மருத்துவப் பள்ளி வேண்டும் என்றார். முதனிலைத் தேர்வில் இருவரே தேறினர். எனவே திட்டம் கைவிடப்பட்டு, மாணவரைச் சென்னைக்கு அனுப்பும் ஏற்பாடு மேற்கொள்ளப்பட்டது. பின்னர் 1904-இல் தான் ஜியாக் கிம் முதலிய சமூகத் தலைவர்கள் விண்ணப்பம் செய்து, நிதியும் திரட்டினர். அவர் மட்டும் 12,000 வெள்ளி கொடுத்தார். 1905-இல் சிங்கப்பூரில் பள்ளி திறக்கப்பட்டது. மருத்துவராகப் படித்தோரோடு மருத்துவமனை உதவியாளரும் அங்கே பயின்றனர்.

இரு சாராரின் வழியும் விரைவிலேயே பிரிந்தது. அப்பள்ளி வழங்கிய மருத்துவப் பட்டயத்தை 1916-இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது. மருத்துவருடைய சான்று கடல் கடந்தும் செல்லுபடியாயிற்று. தோட்டத்து டிரசருக்கோ தமக்கென ஒரு பதிவேடு கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பெரட்டுக்களத்தில்

ரப்பர் தோட்டங்கள் பரவியபோது டிரசரின் பொறுப்பும் பெருகியது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதே அவர் வேலை தொடங்கிவிடும். காய்ச்சல்காரரைப் பிரித்து நிறுத்துவார். கசக்கும் கொய்னாவைத் தம் கண்முன்னே விழுங்கச் செய்வார். பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு மருந்து, வேளை அளவு குறித்துக் காகிதம் ஒட்டிய புட்டியில் மிக்ஸ்சர். வருகைமுறை மருத்துவர் குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் எல்லாம் டிரசர்தாம்.

இவ்வேலையில் மிகக் கடினமானது மருந்து கலப்பதன்று. இந்த நோயாளியை இங்கேயே வைத்திருக்கலாமா, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டுமா என்று தீர்மானிப்பதே கடினம். பினாங்கின் பொது மருத்துவமனை 1882 முதல் இயங்கி வருவது. ஆனால் உட்புறத் தோட்டத்திலிருந்து அங்கே செல்ல வண்டி வேண்டும், படகும் வேண்டும். மலேரியாக் காய்ச்சலையும் குடல் வெடிப்புக் காய்ச்சலையும் பிரித்தறியாத ஒருவர் ஒரு நாள் தாமதித்தால் ஓர் உயிர் போய்விடும். பயிற்சிக்கும் பயிற்சியின்மைக்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டத்து இடுகாடு அறியும்.

மொழியும் இங்கே கருதத்தக்கது. பாடம் ஆங்கிலம், நோயாளி தமிழர். ‘நெஞ்சு கரிக்கிறது’, ‘அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது’ என்று அவர் கூறுவதை மருத்துவ நூலின் சொல்லோடு பொருத்துபவர் டிரசரே. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், 1860-களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரணவைத்தியம்’ முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அத்தகைய முயற்சி மலாயாவில் வேரூன்றவில்லை. ஆதலின் இரு மொழிகளுக்கும் இடையே பாலமாக நிற்கும் பணியை, எந்தத் தேர்வும் கேட்காத அப்பணியை, டிரசர் தாமாகவே பழகிக்கொண்டார்.

1941-இன் சோதனை

1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின. தெருவில் நின்று வேடிக்கை பார்த்த மக்கள் திரள்திரளாக மாண்டனர். அடுத்த சில நாட்களில் ஐரோப்பியர் தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர். காயமுற்றோரை விட்டு அகலாமல் நின்றவர்கள் உள்ளூர் மருத்துவர்களும் டிரசர்களும் தாதியருமே. அதுவரை ‘கீழ்நிலை ஊழியர்’ என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தவர்கள், தங்கள் தகுதி இன்னதென்று அந்நாட்களில் காட்டினர்.

இரண்டு சட்டங்கள்

நாடு விடுதலை பெற்றபின், 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் தம் தகுதியைக் காட்டிப் பதிவு பெற வேண்டும் என்ற நெறி அதனால் ஏற்பட்டது. செபராங் பிறையில் முதல் கரும்பு வெட்டிய தமிழரின் காலத்திலிருந்து எண்ணினால், இடையில் நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அதே 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கடற்படையில் மருத்துவப் பணி பழகிய நால்வரைக் கொண்டு மருத்துவ உதவியாளர் படிப்பு தொடங்கப்பட்டது. அனுபவத்தால் கற்றவருக்கு முறையான கல்வியும் சான்றும் வேண்டும் என்ற எண்ணம் இரு நாடுகளிலும் ஒரே ஆண்டில் உருப்பெற்றது வியப்பே.

1977-இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டு, பதிவேடும் அதைக் காக்க ஒரு வாரியமும் அமைந்தன. டிரசர், மருத்துவமனை உதவியாளர், மருத்துவ உதவியாளர் என மாறி வந்த பெயர், இந்நூற்றாண்டில் மருத்துவ உதவி அதிகாரி என்றாயிற்று. பயிற்சியும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்துள்ளது. அவசர சிகிச்சைப் பிரிவிலும் கிராம மருந்தகத்திலும் நோயாளியை முதலில் காண்பவர் பெரும்பாலும் இவரே.

பழைய டிரசர்களின் கைராசியைப் பற்றிப் பேசுவோர், சான்றிதழ் வெறும் காகிதம்தானே என்று கூறுவதுண்டு. பரிமேலழகர் வகுத்த நான்கில், அறிவையும் சொன்னபடி செய்யும் ஆற்றலையும் தேர்வு அளக்கும். அன்பையும் தூய்மையையும் அளக்க இன்னும் ஒரு தேர்வு பிறக்கவில்லை. இது உண்மையே. ஆயினும் அளக்கக்கூடிய இரண்டையும் அளக்காமல் விட்ட காலத்தில் இழப்பு யாருக்கு நேர்ந்தது என்பதை எண்ண வேண்டும். செல்வர் வேறு மருத்துவரைத் தேடிச் செல்லலாம். தோட்டத்துத் தமிழர் தம் லயத்துக்கு அருகில் இருந்த ஒரே ஒருவரிடம்தான் சென்றாக வேண்டும். சுவரில் மாட்டும் சான்றிதழ் டிரசரின் பெருமையைக் காட்டுவதாகத் தோன்றலாம். உண்மையில் அது, அவரைத் தவிர வேறு புகலில்லாத நோயாளிக்கு நாடு எழுதிக் கொடுத்த வாக்குறுதியாகும்.